யாருக்கும் சொல்லக் கூடாத எண்

ரோடு முதலில் வேண்டுமா, செல்போன் டவர் முதலில் வேண்டுமா என்று எங்கள் மலையில் கிராமசபை கூட்டிக் கேட்டபோது, ரோடு என்று கை தூக்கியவன் நான். பிரசவ வலி வந்தவளை டவரில் ஏற்றியா கரியாலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்பது என் கவலை. டவர்தான் வந்தது. அதற்குச் சாமான் ஏற்றிய லாரி வருவதற்காக அரைகுறையாக ஒரு ரோடும் வந்தது.

எட்டாவதோடு நின்றவன் நான். இணையத்தைக் கொண்டுவந்தவர்கள் அதைப் பற்றி எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று: போனுக்கு வரும் ஓடிபி எண்ணை யாருக்கும் சொல்லாதே. ஒரு பாடம்தானே என்று அதை நன்றாகவே படித்துவைத்தேன்.

மகள் பன்னிரண்டாவது முடித்து, இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போட்டிருந்தாள். எந்தெந்தக் கல்லூரி வேண்டுமென்று அன்று ஐந்து மணிக்குள் இணையத்தில் உறுதி செய்யாவிட்டால் இடம் கிடையாது. மலையில் கரண்ட் போனால் டவரும் படுத்துவிடும் என்பதால், கள்ளக்குறிச்சி பிரவுசிங் சென்டருக்குக் காலை பஸ்ஸிலேயே போய்விட்டாள். விண்ணப்பத்தில் இருந்தது என் நம்பர். நானோ போனோடு மரவள்ளிக் காட்டில் நின்றிருந்தேன்.

நாலரைக்கு ஒரு ஆண் குரல். "உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்துக்குதுங்க, அதக் கொஞ்சம் சொல்லுங்க."

கட் செய்தேன். மறுபடி கூப்பிட்டார். போலீசுக்குச் சொல்வேன் என்றேன்.

"சொல்லுங்க. அதுக்குள்ள அஞ்சு மணி ஆயிடும்" என்று போனை மகளிடம் கொடுத்தார்.

"அப்பா, நான்தான். அவரு கடைக்கார பாய். நம்பரச் சொல்லு."

குரலையும் இப்போது மெஷினில் செய்கிறார்கள் என்று ஒரு வீடியோ பார்த்திருந்தேன், அதே டவர் தயவில். "நீ என் பொண்ணுன்னா, போன வாரம் நம்ம ஆடு இன்னா ஆச்சி, சொல்லு."

"நீ கட்ட மறந்துட்டு அம்மா மேல பழி போட்டியே, அதுவா? வாத்தியார் வூட்டு அவரைய மேஞ்சிக்கினு இருந்துது. போதுமா? ஸ்பீக்கர்ல கடையே கேட்டுக்கினு இருக்குது."

என் மகள்தான். பேசிக்கொண்டே மெசேஜ் பார்க்க எனக்குத் தெரியாது. கட் செய்து, பார்த்து, திரும்பக் கூப்பிட்டுச் சொல்வதற்குள் அந்த எண் காலாவதியாகியிருந்தது. அடுத்ததும் அப்படியே. மூன்றாவது வந்தபோது, எதிரே கிழங்கு மூட்டை தூக்கிய ஆளின் போனை வாங்கி, கடைக்குக் கூப்பிட்டுக் காதில் வைத்துக்கொண்டு, என் போனைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகக் கத்தினேன். காட்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டது. ஐந்துக்கு நாலு நிமிடம் இருந்தது.

இடம் கிடைத்துவிட்டது. ஹாஸ்டலில் இருந்து பேசுகிறோம் என்று போன வாரம் ஒரு பெண், போனுக்கு வந்த ஓடிபி எண்ணைக் கேட்டாள். ஆட்டைப் பற்றி விசாரிக்காமலே சொல்லிவிட்டேன். கேட்டது ஹாஸ்டல்தானா என்று மகளிடம் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.