சட்டைக்குள்ளே பனியன்

நாயின் ரோமத்தைத் தொட்டே அந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று மாரீஸ்வரி சொல்லிவிடுவாளாம். கிங்ஸ் சர்க்கிள் பக்கம் காலையில் நாயோடு நடப்பவர்களிடம் இப்படி ஒரு பேச்சு. சொன்னவர் யாரும் நேரில் பார்த்ததில்லை. பக்கத்துக் கட்டடத்தில் நடந்ததாகக் கேள்வி. அவள் காதுக்கும் வந்திருக்கிறது. மறுக்கவில்லை. "சொல்லிட்டுப் போறாவ. கொஞ்சம் பயம் இருந்தாத்தான் நாய ஒழுங்கா சீவுதாவ" என்கிறாள்.

வீடு வீடாகப் போய் நாய்களுக்கு ரோமம் சீவிவிடுவது அவள் தொழில். கதவு திறந்தால் வீட்டுக்காரர்களுக்கு வணக்கம் பிறகுதான். முதலில் தரையில் சம்மணமிடுவாள். நாய் முகர்ந்து முடிக்கும்வரை வேறெங்கோ பார்த்திருப்பாள். அப்புறம் வலது கையை வாலிலிருந்து கழுத்தை நோக்கி, ரோமத்தின் எதிர்த்திசையில் விடுவாள். விரல் தோலைத் தொட்டதும் கண் மூடிக்கொள்ளும். அதற்கப்புறமே கருவிகள் வைத்த தோல் சுருளை அவிழ்ப்பாள். தாராவியில் பை தைக்கும் அவள் கணவன் பேச்சிராஜா மிச்சத் தோலில் தைத்துக் கொடுத்தது அது. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் அறை.

"எல்லாரும் மேச்சட்டையப் பாத்து பிரஷ் வாங்கிருதாவ. உள்ள பனியன் போட்டிருக்கா இல்லியான்னு பாக்க வேண்டாமா?"

பாக்ஸர் நாய்க்குப் பனியன், அதாவது உள்ரோமம், இல்லை; சட்டையும் ஒட்டத் தைத்தது; ரப்பர்க் கையுறை போதும். பூடிலுக்குச் சட்டை மட்டும், அதுவும் ஒரே சுருள்; நுனி வளைந்த மெல்லிய கம்பிகள் வைத்த பிரஷ், அதன் பின்னால் எஃகுச் சீப்பு. கோல்டன், பொமரேனியன் என்றால் மேலே நீள ரோமம், உள்ளே பஞ்சு. அந்தப் பஞ்சை வாரப் பெரிய பல் வைத்த ரேக். எதுவானாலும் முதலில் தன் முழங்கையின் உட்புறத்தில் இழுத்துப் பார்ப்பாள். கோடு விழுந்தால் நாய்க்குக் கிடையாது. செம்பூரில் ஒருவர் வெளிநாட்டிலிருந்து ஆசையாய் வரவழைத்த பிரஷை, இதில் தேங்காய் துருவலாம் என்று இந்தியில் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறாள்.

முன்பு தாராவியில் ஓர் அழகு நிலையத்தில் புருவம் திருத்திக்கொண்டிருந்தாள். ஏன் விட்டாய் என்றால், "பொம்பளையோ கண்ணாடியப் பாத்துட்டு சண்டைக்கு வருவாவ. நாய் கண்ணாடி பாக்காது, ஏக்தம் நிம்மதி" என்பாள்.

தீபாவளி முடிந்த வாரம், மாட்டுங்காவில் விஜயலக்ஷ்மி மாமி வீடு. மாமி தனியாக இருப்பவள். துணைக்குக் குட்டன் என்கிற கோல்டன். வாலருகே புகுந்த மாரீஸ்வரியின் விரல்கள் பாதி வழியில் நின்றுவிட்டன. எடுத்து முகர்ந்தாள்.

"மாமி, நல்லெண்ணெயா?"

மாமி தலைப்பைப் பிசைந்தாள். "தீபாவளியோன்னோ. ஆத்துல எல்லாரும் கங்கா ஸ்நானம் பண்ணணுமே. எல்லாரும்னா நானும் இவனும்தானே? ஒரு கரண்டி காய்ச்சி வச்சேன்."

"ஒரு கரண்டியா?"

"ரெண்டு. சீயக்காய் போட்டு நன்னாத்தான் அலம்பினேன்."

"மொளகும் போட்டுக் காச்சினீயளோ?"

"நாலே நாலு."

மாரீஸ்வரி சிரித்துவிட்டாள். குட்டன் சிரிக்கும் நிலையில் இல்லை. எண்ணெயும் சீயக்காயும் பஞ்சுக்குள் இறங்கி, காதுக்குப் பின்னாலும் தொடையிலும் உருண்டை உருண்டையாக இறுகியிருந்தன.

"மெஷினைப் போட்டு ஒரேயடியா வழிச்சுடேன், மாரி. வெயிலுக்குன்னு சொல்லிக்கறேன்."

யாரிடம் என்று மாரீஸ்வரி கேட்கவில்லை. ராட்டர்டாமுக்கு வேலைக்குப் போன மகன் அஷ்வத் விட்டுச் சென்ற நாய் அது. அம்மாவால் பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் நெருளில் இருக்கும் தன் சிநேகிதன் வைத்துக்கொள்வான் என்று அவன் அடிக்கடி சொல்கிறான். பண்டிகையிலிருந்து மாமி வீடியோவில் நாயைக் காட்டவேயில்லை. தூங்குகிறது, நடக்கப் போயிருக்கிறது என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறாள்.

மழிக்கும் மெஷின், தோல் சுருளின் ஓரத்து அறையில்தான் இருந்தது. மாரீஸ்வரி அந்த அறையைத் தொடவில்லை.

"வழிச்சா பனியனும் சட்டையும் சேந்து போயிரும். திரும்ப பனியன்தான் முந்தி வரும். சட்ட வருமோ வராதோ. பொறவு இவன் கோல்டன் இல்ல மாமி, தேங்கா நாரு. வெயிலும் நேரா தோல்ல அடிக்கும்."

"இந்தக் கோலத்துல அஷ்வத் பார்த்தான்னா இவனைக் கொண்டு போகச் சொல்லிடுவான்டி!"

"டென்ஷன் நக்கோ, பயப்படாதீய. சூப்புக்குப் போடுவீயள்லா, அந்தச் சோள மாவு இருக்கா?"

மாவு வந்தது. உருண்டைகள்மேல் தூவி, எண்ணெயை அது குடிக்கட்டும் என்று விட்டாள். பிறகு விரலால் பிரித்து, அகலப் பல் சீப்பின் நுனியால் வெளிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நெம்பினாள். ரேக்கை இப்போதே போட்டால் தோலோடு வரும்; அது கடைசிக்கு. மாமியையும் சும்மா விடவில்லை.

"அடியில புடிங்க, தோல ஒட்டி. இழுவ ஒங்க வெரல்ல விழணும், அவன் மேல விழப்பிடாது."

மாமி பிடித்தாள். முதலில் பயந்து, பிறகு உறுதியாக. குட்டன் ஒரு பெருமூச்சு விட்டுத் தாடையை மாமியின் முழங்காலில் வைத்துக்கொண்டான்.

"தம்பிட்ட எண்ணெ கதயச் சொன்னீயளா?"

"நன்னாருக்கு! திட்டுவான்."

"திட்டட்டுமே. திட்டுத வாய் அங்க இருக்கு. சீவுத கை இங்கல்லா இருக்கு."

மேசைமேல் கைப்பேசி அடித்தது. வீடியோ அழைப்பு, வட்டப் படத்தில் அஷ்வத் சிரித்துக்கொண்டிருந்தான். குட்டனின் இடப்பக்கம் அலை அலையாக இறங்கியிருந்தது. வலப்பக்கம் இன்னும் மாவு பூசிய உருண்டைகள். அதில் ஒன்றின் அடியில் மாமியின் இரண்டு கைகளும்.

"அடிச்சு ஓயட்டும்" என்றாள் மாமி.

மாரீஸ்வரி எழுந்து கைப்பேசியை எடுத்தாள். மாவு டப்பாவில் சாய்த்து, குட்டனின் வலப்பக்கம் தெரிகிற மாதிரி நிறுத்தினாள். திரும்பி வந்து உட்கார்ந்து, மாமியின் வலது கையை ரோமத்திலிருந்து மெல்ல விடுவித்தாள். அழைப்பை எடுக்க வேண்டிய ஆள்காட்டி விரலில் ஒட்டியிருந்த மாவையும் எண்ணெயையும் தன் துப்பட்டாவின் நுனியால் நகக்கண் வரை துடைத்தாள். கைப்பேசி அடித்துக்கொண்டேயிருந்தது.