கருத்த சதுரம்

நான் எதற்கும் பயப்படுகிறவள். வீட்டைப் பூட்டிக்கொண்டு தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பேன். ஏழாம் வகுப்போடு படிப்பு நின்றது. பால்வாடியில் ஆயா வேலை கிடைத்தபோது, "புள்ளைங்களவிட நீதான் ஜாஸ்தி அழுவ" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டாயிரமாவது ஆண்டை ஒட்டி ஒரு ஞாயிறு, போலியோ சொட்டு மருந்து நாள். பௌர்ணமியும் சேர்ந்துகொண்டதால் கிரிவலம் வந்த வெளியூர்க்காரர்களும் குழந்தைகளோடு எங்கள் வரிசையில் நின்றார்கள். செங்கம் ரோட்டோரம் ஒரு மேசை, ஒரு ஐஸ் பெட்டி, நான். சொட்டு போட்ட குழந்தையின் சுண்டுவிரலில் மை வைக்க வேண்டும்.

சரியாக இருந்த முதல் புட்டி தீர்ந்து அடுத்ததை எடுத்தேன். லேபிளில் ஊதா வட்டமும் அதன் நடுவே வெளிர் சதுரமும் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கருக்கும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் மருந்து செத்துப்போயிற்று என்று அர்த்தம். மறந்துவிடுவேனோ என்ற பயத்தில் பயிற்சியில் இதை மூன்று தடவை கேட்டு வசவு வாங்கியவள் நான். இந்தப் புட்டியில் சதுரம் எது, வட்டம் எது என்றே தெரியவில்லை. மீதிப் புட்டிகளும் அப்படியே. பெட்டியை மூடிவிட்டேன்.

மேற்பார்வை சார் வண்டியை விட்டு இறங்காமலே கேட்டார். "இன்னாம்மா, லைன் அப்படியே நிக்குது?"

"மருந்து போயிடுச்சு சார்."

இறங்கி வந்து பெட்டியைத் திறந்து கையை விட்டுப் பார்த்தார். "ஐஸ் கல்லாட்டம் கீது. போடும்மா."

"ஐஸ் இன்னிக்கு வெச்சது சார். முன்னாடியே எங்கியோ சூட்டுல கெடந்திருக்கு."

"நீ டாக்டரா? போட்டா ஒண்ணும் ஆவாது."

"ஒண்ணும் ஆவாதுன்னுதான் சார் நானும் சொல்றேன்."

வரிசையில் முன்னால், கைக்குழந்தையோடு ஒரு கீழ்பென்னாத்தூர்ப் பெண். "யக்கா, ரெண்டு சொட்டுக்கு இவ்ளோ பிகுவா? உன் சொத்தையா எழுதிக் கேக்கறோம்?" கூட்டம் சிரித்தது. "சரி, மையாவது வெச்சு உடு. ஊர்ல கேட்டா காட்டிக்கிறேன்."

அங்கேதான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. மறுநாள் வீடு வீடாகப் போகிறவர்கள் விரலைத்தான் பார்ப்பார்கள். மை இருந்தால் அந்தக் குழந்தையைத் தாண்டிப் போய்விடுவார்கள். மைப் பேனாவை முந்தானையில் முடிந்துகொண்டேன்.

"வெக்க மாட்டேன்மா. விரல் வெறுமனே இருந்தாத்தான் நாளைக்கு வீட்டாண்ட ஆள் வந்து போடுவாங்க."

"வரலைன்னா?"

"நான் வரேன். தெருவச் சொல்லு. யார் வந்து போட்டாலும் புட்டியில வட்டத்துக்கு நடுவுல சதுரம் வெள்ளையா இருக்கான்னு பாத்துக்கோ."

தெருவைச் சொல்லிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

"மெமோ வரும். வேலையும் போவும்" என்றார் சார்.

"குடுங்க சார்." பெட்டியை மறுபடி மூடினேன். வரிசை கலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், கடைசியில் அவரே போய் வேறு பெட்டி கொண்டுவந்தார். ஒவ்வொரு புட்டியையும் அவர் எதிரிலேயே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகுதான் திறந்தேன்.

மறுநாள் வேலை முடிந்து கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினேன். குழந்தையின் விரலில் புது மை.

"காலைலயே வந்து போட்டாங்கக்கா. இதுக்கா ஓடியாந்த? பைத்தியமா நீ?" என்றாள் அவள்.

"புட்டியப் பாத்தியா?"

"நீ சொன்னியேன்னு வாங்கிப் பாத்தேன். சதுரம் வெள்ளையாத்தான் இருந்துச்சு."

மெமோ வந்தது. விளக்கம் கேட்டிருந்தார்கள். என் கோணல் எழுத்தில், யாரிடமும் பிழை திருத்தக் கொடுக்காமல் எழுதினேன்: 'மருந்து செத்திருந்தது. போடவில்லை. இனிமேலும் அப்படி வந்தால் போட மாட்டேன்.'