தங்கைக்கு வைத்த கைப்பிரேக்

எப்போதும்வென்றான் ஊரில் டீச்சராக இருந்த என் தங்கை, பள்ளிக்கூட விடுமுறைக்கு வந்த அன்றைக்கே கேட்டாள்: "அண்ணே, குடோன்ல கெடக்கிற அந்தக் குட்டி வண்டிய எனக்குச் சரிபண்ணித் தருவியா?"

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் கால் போனது அந்த வண்டியில்தான்.

முழங்கால் உயரமே உள்ள வெளிநாட்டு மோட்டார் சைக்கிள் அது. தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் அப்பா வாங்கியது. கோவில்பட்டி வட்டாரத்தில் வேறு யாரிடமும் அப்படி ஒன்று கிடையாது. அப்போது எனக்குப் பதினாறு வயது, அவளுக்குப் பதினொன்று. அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓட்டப்பிடாரம் சாலைச் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவில்லை. பாலத்துச் சுவரில் மோதினோம். எனக்கு வெறும் சிராய்ப்பு. அவளுக்கு வலது முழங்கால் நொறுங்கியது. அதன்பிறகு மடங்கவே இல்லை. வண்டியை அப்பா பருத்திக் குடோன் மூலையில் போட்டுச் சாக்கால் மூடிவிட்டார்.

"ஒரு மொபெட் வாங்கேன்," என்றேன்.

"அதப் பெடல் மிதிச்சுல்லா ஸ்டார்ட் பண்ணணும்? எனக்கு முட்டி மடங்காதே. இது கயித்த இழுத்தாப் போதும். கிளட்ச், கியர் ஒண்ணும் கெடையாது. பள்ளிக்கூடத்துக்கு மூணு மைலு. இந்தக் கால வச்சிக்கிட்டுத் தெனமும் நடக்குதேன்."

மறுக்க முடியவில்லை. சைலன்சருக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தது. பெட்ரோல் டேங்கில் சரளைக்கல்லும் மண்ணெண்ணெயும் போட்டு ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். துரு சிவப்பாகக் கொட்டியது. அந்த அளவு டயர் எங்கும் கிடைக்காமல், கடைசியில் துறைமுகத்தில் சாமான் தள்ளும் வண்டியின் டயர் பொருந்தியது. வலது காலால் மிதிக்கும் பிரேக்கை அவளுக்காகக் கைக்கு மாற்றுவதுதான் பாக்கி. அதை மட்டும் நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

ஒருநாள் காலை அவளே ஸ்பேனரை எடுத்துப் பெடலைக் கழற்றி, பழைய பிரேக் ஒயரை உருவினாள். நுனியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"இது மோதுனதுல அறுந்த மாரி இல்லியே. கொஞ்சங் கொஞ்சமால்லா அறுந்துருக்கு." என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அன்னிக்கு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

"தெரியும். காலைலயே பாத்தேன். ரெண்டு மூணு இழைதான் மிச்சமிருந்துச்சு."

"அப்போ நான் உன் கண்ணப் பொத்துனது?"

"நீ பொத்தல."

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வாசலில் அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தபோது நான் சொன்ன பொய் அது. பின்னாலிருந்து அவள் என் கண்ணைப் பொத்திவிட்டாள் என்றேன். அவள் காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தாள். தெளிந்து வீட்டுக்கு வந்தபோது எல்லாரும் அதையே சொன்னார்கள். அவளும் நம்பிவிட்டாள். தன் காலைத் தானே கெடுத்துக்கொண்டதாகத்தான் பன்னிரண்டு வருஷமும் நினைத்திருந்தாள்.

ஒயரைத் தரையில் வைத்தாள்.

"எந்திரி. அப்பாகிட்டச் சொல்லு. நான் நின்னு கேக்கணும்."

அப்பா குடோன் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். "உன் சேட்டையாலதானட்டி வந்துச்சு" என்று அவளிடம் எத்தனையோ தடவை சொன்னவர். நான் சொல்லி முடித்ததும் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் அவளிடம் கேட்டார்.

"ஏம்மா, நீ ஒரு வார்த்த சொல்லலியே?"

"எனக்கு ஞாபகமே இல்லியேப்பா. நீங்கல்லாம் சொன்னீங்க, நம்பிட்டேன்."

அப்பா பேப்பரை மடித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த பஸ்ஸுக்கே அவள் ஊருக்குக் கிளம்பிவிடுவாள் என்று நினைத்தேன். "புது ஒயர் போடு," என்று மட்டும் சொன்னாள். லேத் பட்டறையில் ஒயர் நுனிக்கு ஈயம் பற்றவைத்து, ஹேண்டில்பாரில் கைப்பிரேக் மாட்டினேன். "அதே சரிவுல ஓட்டிப் பாரு. மொதல்ல நீ," என்றாள்.

பாதிச் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். ஒரு கணம் இறுகியது, பிறகு கையோடு வந்துவிட்டது. ஈயம் விட்டுப்போயிருந்தது. பாலம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஹேண்டிலை ஒடித்துச் சாலையை விட்டு இறக்கினேன். கோடை உழவு போட்டிருந்த கரிசல் கட்டிகளில் சக்கரம் புதைந்து என்னைத் தூக்கி எறிந்தது.

காலை இழுத்துக்கொண்டு வேகமாக வந்தாள்.

"வேண்டாம்ட்டி, இந்த வண்டி உனக்கு வேண்டாம்."

"ரெண்டு ஒயர் போடு. ஒண்ணு போனா ஒண்ணு நிக்கும்," என்றாள்.

விட்டுப்போன ஒயரைத் திரும்பப் பற்றவைத்து, முன்சக்கரத்துக்கும் தனியாகப் பிரேக் வைத்தேன். நானே ஐந்து தடவை சரிவில் இறங்கிப் பார்த்த பிறகுதான் அவளிடம் கொடுத்தேன். மடங்காத காலை நீட்டிவைத்துக்கொண்டு இறங்கினாள். அவள் பாலத்தை நெருங்கவும் ஓர் ஆட்டு மந்தை குறுக்கே ஏறியது. வண்டி ஆடுகளுக்கு நாலடி முன்னால் நின்றது. ஆடுகள் எல்லாம் கடக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

ஆறு வருஷம் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தாள். அப்பா என்னோடு மறுபடி பேசவே அடுத்த பொங்கல் கழிய வேண்டியிருந்தது. அவள் எப்போதாவது வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து பிரேக்கைப் பார்க்கச் சொல்வாள். வேறு பேச்சு கிடையாது. "சாப்பிட்டுட்டுப் போ" என்றால், "நேரமாச்சு, வாரேன்" என்று கிளம்பிவிடுவாள். மூன்றாவது வருஷம்தான் ஒருநாள் கையைக் கழுவிக்கொண்டு வந்து, "என்ன கொழம்பு?" என்று என்னிடம் கேட்டாள்.