நிர்வாகம் என்று சொன்னேன்

நான் பொய் சொன்னேன். ஒரு முறை அல்ல, இரண்டு முறை. இரண்டு முறையும் ஒரே கல்லூரியில், ஒரே அரங்கத்தில், கையில் மைக்கைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். இரண்டாவது முறை சொன்னதை நீ உன் நோட்டில் எழுதிக்கொண்டாய்.

உன் பெயர் எனக்குத் தெரியாது. வரலாறு மூன்றாம் ஆண்டு, மூன்றாவது வரிசை, ஓரத்து நாற்காலி... அவ்வளவுதான் தெரியும். எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமலேயே இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊர் வலங்கைமான் பக்கம். நாங்கள் லுத்தரன் சபையைச் சேர்ந்தவர்கள். ஞாயிறுதோறும் ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து பாவ அறிக்கை சொல்வோம். எனக்கு அது மனப்பாடம். அதில் எங்கும் 'நாங்கள்' என்றுதான் வரும். அந்த 'நாங்களு'க்குள் ஒளிந்துகொள்வது எத்தனை சுகம்! இங்கே அந்த வசதி இல்லை. இது நான் செய்தது.

உன்னைப் போலவே நானும் பி.ஏ. வரலாறுதான். வரலாறு படித்தவளைப் பார்த்து உலகம் கேட்கும் கேள்வி உனக்கும் தெரியும். "அடுத்து என்ன?" கல்யாண வீட்டில் கேட்டார்கள், ரேஷன் கடையில் கேட்டார்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாள் கூடக் கேட்டாள். கம்ப்யூட்டர் படித்தவர்கள் சென்னைக்குப் பறந்துகொண்டிருந்த காலம். சோழர் காலத்துப் பாசனத்தைப் பற்றிப் பத்துப் பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு யாரும் ஒரு நாற்காலி தரத் தயாராக இல்லை. அந்த வருஷம் ஆற்றில் தண்ணீரும் வரவில்லை. அப்பாவின் குத்தகை நிலத்தில் குறுவை கருகிப் போனது.

அப்போதுதான் ஓர் ஏஜெண்ட் வந்தார். வளைகுடாவில் ஆபீஸ் வேலை என்றார். பட்டதாரி என்பதால் என் பாஸ்போர்ட்டில் ஒரு முத்திரை குத்திக் கொடுத்தார்கள். 'குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை' என்று அதற்கு அர்த்தம். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போய் ஐயரிடம் காட்டினார். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம். "மூணு வருஷம் காலேஜுக்கு அனுப்புனது வீண்போகலீங்க" என்றாராம்.

அந்த முத்திரை என்ன செய்யும் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது. அது இல்லாதவர்கள் கிளம்பும்போது, என்ன வேலை, யார் வீட்டில், பொறுப்பு யார் என்று சென்னையில் ஓர் அலுவலகம் தாளை வாங்கிப் பார்க்கும். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை! படித்தவள் தன்னைத் தானே பார்த்துக்கொள்வாள் என்று அரசாங்கமும் நம்பியது, அப்பாவும் நம்பினார்.

அங்கே ஆபீஸ் எதுவும் இல்லை. ஒரு வீடு இருந்தது. நான்கு குழந்தைகள், மூன்று குளியலறைகள், முடிவில்லாத துணிகள். அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் எனக்குப் படுக்கை. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அந்த வீட்டு அம்மாள் நல்லவர். என்னை யாரும் அடிக்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, தான் பாதி உபயோகித்த செண்ட் பாட்டிலையும் கொடுத்து, முறையாக அனுப்பி வைத்தார். எனக்கு வாய்த்தது அதிர்ஷ்டம் என்பதை நான் அப்போதே தெரிந்து வைத்திருந்தேன்... அதனால்தான் என்னை மன்னித்துக்கொள்ள முடியவில்லை.

முதல் கடிதத்தில் 'வீட்டு வேலை செய்கிறேன்' என்று எழுதப் பேனா நகரவில்லை. 'ஒரு பெரிய குடும்பத்தின் நிர்வாகத்தைக் கவனித்துக்கொள்கிறேன்' என்று எழுதினேன். அப்பா அதில் 'குடும்பம்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'நிர்வாகம்' என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார். அடுத்த ஞாயிறு, ஸ்தோத்திர ஜெபத்தில், 'வளைகுடாவில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் மகளுக்காக' என்று ஐயர் பலிபீடத்தின் முன் நின்று வாசித்தாராம். சபையே ஆமென் சொல்லியிருக்கிறது. ஆமென் சொன்ன பிறகு ஒரு சொல்லை எப்படித் திருத்துவது?

ஊருக்குத் திரும்பிய மாதம், எங்கள் துறையிலிருந்து அழைப்பு வந்தது. படித்து முடித்தவர்கள் வந்து மாணவிகளுக்கு வழி சொல்லும் கூட்டம். அந்த செண்டைப் போட்டுக்கொண்டு போனேன். துறைத் தலைவர் என்னை 'நிர்வாக அலுவலர்' என்று அறிமுகம் செய்தார். மறுத்திருக்கலாம். கை தட்டினார்கள். கும்பிட்டேன்.

பேராவூரணியிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு பெண் எழுந்தாள். கலைச்செல்வி. அவளுக்கு பி.எட். சேர இடம் கிடைத்திருந்தது. "பி.எட். சேரட்டுமா, பாஸ்போர்ட் எடுக்கட்டுமா மேடம்?" என்று கேட்டாள். அவள் குரலில் விளையாட்டு இல்லை. அந்த வாரமே அவள் முடிவு சொல்லியாக வேண்டும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பி.எட். எங்கயும் ஓடிப்போகாதும்மா. பட்டதாரிக்கு அந்த முத்திரை கெடைக்குது. அத வாங்கிக்க. உன்ன யாரும் ஒரு கேள்வி கேக்கமாட்டாங்க."

உண்மைதான். அவளை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

போய்ச் சேர்ந்து ஐந்தாறு மாதம் கழித்து அவளிடமிருந்து கடிதம் வந்தது. 'அக்கா, இங்கே நிர்வாகம் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். வெளியே விடுவதில்லை. நீங்கள் யாரிடமாவது சொல்ல முடியுமா?' கீழே வீட்டின் முகவரியைத் தெளிவாக எழுதியிருந்தாள்.

சொல்ல முடியுமா... முடியும்! கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்திருக்கலாம். ஐயரிடம் சொல்லியிருக்கலாம். அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். ஆனால் எதைச் சொன்னாலும் அடுத்த கேள்வி என்னிடம்தான் வரும். "நீ அங்க என்ன வேலம்மா பாத்த?" எனக்கு அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார். நிர்வாகம் என்ற சொல்லைக் கேட்டுத்தான் அவர்கள் பெண் பார்க்கவே வந்தார்கள்.

கடிதத்தை ஞானப்பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்தேன். பதில் எழுதவில்லை. அவள் அப்பா இறந்தபோது கூட அவளை அனுப்பவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்ட அன்று சாதாரணமாகச் சமைத்தேன், சாப்பிட்டேன். இதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்பது வருஷம் போயிற்று. மறுபடியும் துறையிலிருந்து அழைப்பு. இந்த முறை பேசப் போகிறவள் கலைச்செல்வி என்று அதில் அச்சாகியிருந்தது. என்னை முன்வரிசை விருந்தினராகக் கூப்பிட்டிருந்தார்கள். போகாமல் இருந்திருக்கலாம். அவள் என்ன சொல்லப் போகிறாள் என்ற பயம்தான் என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது.

மேடையில் இளைத்துப் போய் நின்றாள். சித்திரை வெயிலில் முழுக்கை ரவிக்கை. இப்போது சொல்லிவிடுவாள், இதோ, இந்த வாக்கியம்... என்று ஒவ்வொரு வாக்கியத்துக்கும் காத்திருந்தேன். அவள் சொல்லவில்லை. வளைகுடாவில் நிர்வாகத்தில் இருந்ததாகச் சொன்னாள். "என்ன அனுப்பி வச்சதே இதோ, இந்த மேடம்தான்" என்று என்னைக் காட்டினாள். கைதட்டல். நான் எழுந்து, திரும்பி நின்று, உங்கள் எல்லோரையும் கும்பிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு என்ன தோன்றியது என்று சொல்லட்டுமா? நிம்மதி! தப்பித்தோம் என்ற நிம்மதி. சீ...

அப்போது நீ எழுந்தாய்.

"அங்க நிர்வாகம்னா என்ன மேடம் செய்யணும்? காலைல போனா என்ன வேலை இருக்கும்?"

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. என் அப்பா கேட்கவில்லை, கணவர் கேட்கவில்லை, துறைத் தலைவர் கேட்கவில்லை. நீ கேட்டாய். கலைச்செல்வி உன்னைப் பார்த்தாள். பிறகு மேடையிலிருந்து இறங்கி, நேராக என்னிடம் வந்தாள். "நீங்களே சொல்லுங்கக்கா" என்று மைக்கை நீட்டினாள்.

நீட்டியபோது அவள் ரவிக்கையின் கை மேலேறியது. மணிக்கட்டிலிருந்து உள்ளே போகும் தழும்பைப் பார்த்தேன். கொதிக்கிற எண்ணெய் பட்ட தழும்பு எப்படி இருக்கும் என்று சமைக்கிறவளுக்குத் தெரியாதா? நீ நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாய். 'துணி துவைக்க வேண்டும், குழந்தைக்கு மலம் கழுவ வேண்டும், பாஸ்போர்ட்டைப் பிடுங்கினால் கேட்க நாதி இல்லை'... மூன்று வாக்கியம் சொன்னால் போதும். இரண்டாவது வரிசையில் என் கணவர் வேலை பார்க்கும் பள்ளியின் தலைமை ஆசிரியருடைய மனைவி உட்கார்ந்திருந்தார்.

"பொறுப்பான வேலம்மா" என்றேன். "போகப் போகப் பழகிக்கலாம்."

நீ எழுதிக்கொண்டாய்.

கூட்டம் முடிந்து நடைபாதையில் அவள் என்னை நிறுத்தினாள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்பாள் என நினைத்தேன். நீயும் அதைத்தானே சொன்னாய் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். எவ்வளவு மானங்கெட்ட பதில்! அவள் கோபப்படவே இல்லை.

"என் தங்கச்சிய வர்ற மாசம் பொண்ணு பாக்க வர்றாங்கக்கா. என்னால சொல்ல முடியல. உங்களுக்குக் கல்யாணம் ஆயி, புள்ள குட்டி ஆயி எல்லாம் நல்லபடியா இருக்கு. நீங்க சொல்லிடுவீங்கன்னுதான் மைக்கக் குடுத்தேன்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

நான் ஓடினேன். புடவை தடுக்க, செருப்பின் வார் அறுந்து போக, கல்லூரி வாசலுக்கு ஓடினேன். உன்னிடம் சொல்லிவிட வேண்டும், உன் ஒருத்தியிடமாவது... வலங்கைமான் பஸ் புறப்படத் தயாராக நின்றது. ஜன்னல் ஓரத்தில் நீ! மூச்சு வாங்க உன் ஜன்னலுக்குக் கீழே வந்து நின்றேன். உனக்காக ஓடி வந்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. நீ சிரித்தாய். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பாதிப் பேர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்கள். நாலாவது இருக்கையில் எங்கள் சபையார் ஒருவர் தலையாட்டி வணக்கம் சொன்னார்.

நான் வாயைத் திறப்பதற்குள் நீ நோட்டை ஜன்னல் வழியே நீட்டினாய்.

"ஒரு கையெழுத்துப் போட்டுத் தாங்க மேடம். அம்மாகிட்ட காட்டணும். நான் வளைகுடா போகணும், நல்ல வேலைன்னு சொன்னா அவங்க நம்பமாட்டேங்குறாங்க."

திறந்திருந்த பக்கத்தில் உன் முத்து முத்தான எழுத்து. 'நிர்வாகம்: பொறுப்பான வேலை. போகப் போகப் பழகிக்கொள்ளலாம்.' நான் கொச்சையாகச் சொன்னதைக் கூட நல்ல தமிழில் திருத்தி எழுதியிருந்தாய். கண்டக்டர் விசில் ஊதினார். உன் பேனா என் கையில் இருந்தது. அதே பக்கத்தில், அந்த இரண்டு வரியையும் அடித்துவிட்டு வேறு எழுத இடம் இருந்தது. நேரமும் இருந்தது, ஏனென்றால் பஸ் உடனே கிளம்பவில்லை. ஒரு கிழவர் ஏறும் வரை நின்றது.

எத்தனையோ முறை எழுதிப் பார்த்துக் கிழித்துவிட்டு, இன்று இதை முழுதாக எழுதியிருக்கிறேன். இதன் கீழே இன்னும் என் பெயரைப் போட முடியவில்லை. அந்த இரண்டு வரியின் கீழே அன்று போட்டுவிட்டேன்... முழுப் பெயர், பி.ஏ., தேதி.