வால் பெருத்த விமானம்

கொழும்பில் இருந்த மாதிரி விமானச் சங்கம் மாதம் ஒரு தாள் அச்சடித்து அனுப்பும். இரண்டே பக்கம், இங்கிலீசில். அது இரவு ரயிலில் மட்டக்களப்புக்கு வந்து, மறுநாள் பின்னேரம் எங்கள் கிளைத் தலைவரான பிரக்கிராசியாரின், அதாவது ஊர் வக்கீலின், விறாந்தையில் வாசிக்கப்படும். வாசிப்பவன் நான். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் அந்த வேலை என் தலையில் விழுந்திருந்தது.

உலக யுத்தம் தொடங்கிய பிறகு அந்தத் தாளில் பாதிக்கு மேல் முறைப்பாடுதான். இறக்கைக்கு ஒட்டும் மெல்லிய தாள் ஜப்பானிலிருந்து வருவது, இனி எங்கே போவது என்று கண்டியிலிருந்து ஒருவர் புலம்பியிருப்பார். விசிறியைச் சுழற்றும் றப்பர் நாடா கடையில் இல்லை, நாடு முழுக்க றப்பர் தோட்டம் இருந்தும் ஒரு முழம் நாடாவுக்கு வழியில்லையா என்று ஒரு தோட்டத்துரை எரிந்து விழுந்திருப்பார். வாசித்துவிட்டுச் சிரிப்போம். எங்களுக்கும் அதே குறைதான், ஆனால் துரைக்கும் நமக்கும் ஒரே குறை என்பதில் ஒரு சந்தோஷம் இருந்தது. வெல்லாவெளிப் பக்கத்துக் குளங்களில் வளரும் பாரமில்லாத நெட்டித் தண்டையும் மூங்கில் சிலும்பையும் வைத்து ஏரோப்பிளேன் கட்டி, வாவிக்கரையில் பறக்கவிட்டுத் திரிந்த வளர்ந்த மனிசர் நாங்கள். ஊரில் எங்களுக்குப் பைத்தியங்கள் என்று பேர்.

எங்களில் கைராசிக்காரர் காத்தான்குடியில் தறிகள் வைத்து நடத்தியவர். என்னைவிட மூத்தவர். அவருடைய ஊரில் அண்ணனைக் காக்கா என்பார்கள். எனக்கும் அவர் காக்காதான். எங்கள் விமானங்கள் எழும்பின வேகத்தில் மூக்கைக் குத்திக்கொண்டு தண்ணீரில் விழும். அவருடையது நின்று பறக்கும். அதில் ஒளிமறைவு இல்லை. உண்மை விமானத்தின் அளவுப்படியே வாலை வைத்தால் சின்ன விமானம் நிலைகொள்ளாது, பின்பக்கத்து இறக்கையைக் கொஞ்சம் பெருப்பிக்க வேண்டும். எல்லா நாட்டிலும் இந்தப் பைத்தியம் பிடித்தவர்களுக்குத் தெரிந்த விஷயம் இது. காக்கா சற்றுத் தாராளமாகவே பெருப்பிப்பார்.

"கொழும்பார் கீறித் தந்த படம் பார்க்கிறதுக்கு வாத்தியார். நாம செய்யிறது பறக்கிறதுக்கு" என்பார்.

பிறகு ஒரு மாதத் தாளில் இரண்டு செய்திகள் வந்தன. கடலோர ஊர்களில் மாதிரி விமானம் பறக்கவிடக் கூடாது என்பது ஒன்று. அன்றைக்கு ஒருவரும் சிரிக்கவில்லை. மற்றது, எதிரியான ஜப்பான்காரரின் விமானங்களின் உருவத்தை மரத்தில் செதுக்கிக் கறுப்புப் பூசித் தர வேண்டும் என்பது. கரையோரக் காவல் பரண்களில் அவற்றைத் தொங்கவிட்டு, அண்ணாந்து பார்த்து, எது எங்கள் விமானம், எது அவர்களுடையது என்று காவலர்கள் பழக வேண்டுமாம். எங்கள் கிளைக்கு ஒரு எதிரி விமானத்தின் படம் வந்தது. எல்லோரும் காக்காவைத்தான் பார்த்தோம். அவர் இலவ மரத்தில் ஒரு டசின் செதுக்கித் தந்தார். பளபளவென்று கறுப்பு, தொடவே ஆசையாக இருக்கும். பரண்களுக்கு மாதிரிகள் போயின. படம் பிரக்கிராசியாரின் அலுமாரிக்குள் போனது.

கல்லடிக் கடற்கரையில் தென்னங்குற்றி நட்டுக் கட்டிய பரண் ஒன்றில் நான் பள்ளிக்கூடம் விட்ட பிறகு காவல் நின்றேன். கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. உண்மை விமானத்தைப் பார்க்கக் கிடைக்குமே என்ற ஆசை, வேறொன்றும் இல்லை. பரணில் இரண்டு மாதிரிகள் தொங்கின. ஒன்று கொழும்பில் செய்த எங்கள் பக்கத்து விமானம், மற்றது காக்கா செய்த எதிரி. இரண்டுக்கும் இறக்கை ஏறக்குறைய ஒன்றுபோலத்தான். வால் மட்டும் பளிச்சென்று வேறாகத் தெரிந்தது. வால் அகன்றது எதிரி, ஒடுங்கியது நம்மாள். நான் அப்படித்தான் பழகினேன். மற்றப் பரண்காரர்களும் அப்படித்தான்.

அந்தப் பின்னேரம் தெற்கிலிருந்து ஒன்று தனியாக வந்தது. வெளிச்சம் நன்றாக இருந்தது. தூரப்பார்வைக் கண்ணாடியை வைத்து நிதானமாகப் பார்த்தேன். வால் ஒடுக்கம். டெலிபோனை எடுத்து, நம்முடையது என்று சொன்னேன். எதிரி என்றால் அடிக்கும் அபாய மணி அதனால் அடிக்கவில்லை. அது என் தலைக்கு மேலாகப் போய், வாவிக்கு மேலே கிறுகித் திரும்பி, தாழ்ந்து, சுட்டது.

மணி அடித்திருந்தால் தோணிகள் கரையோரக் கண்ணாமரப் பற்றைக்குள் ஒதுங்கியிருக்கும். ஆரையம்பதியிலிருந்து வலைக்குப் போன என் தாய்மாமன் தோணியில் நிமிர்ந்து நின்று அதை வேடிக்கை பார்த்திருக்கிறார். மணி அடிக்காதபடியால் நம்ம பிளேன் என்று நினைத்தாராம். ஆஸ்பத்திரியில் அவருடைய வலது கையை முழங்கையோடு எடுத்தார்கள். வலை வீசுகிற கை.

விசாரித்த பட்டாளத்துத் துரை என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். நித்திரையா, குருடா? பார்த்தேன், வால் ஒடுங்கியிருந்தது என்றேன். அவர் அதை எழுதக்கூட இல்லை. ஊர் தனக்குப் பிடித்ததை எடுத்துக்கொண்டது. நான் நித்திரை என்பதுதான் ஊருக்கு வசதியாக இருந்தது. சந்தையில் என் காதுபடவே "நித்திர வாத்தியார் போறார்" என்றார்கள். மாமி என் முகத்தில் விழிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பார்த்தேனே, இந்த இரண்டு கண்ணாலும் பார்த்தேனே என்று என்னோடு நானே கத்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த ஆத்திரத்தோடுதான் பிரக்கிராசியார் வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறக்கச் சொன்னேன். காக்காவும் அங்கே இருந்தார். என் பரணில் தொங்கிய மாதிரியைக் கொண்டுபோயிருந்தேன். படத்தை மேசையில் விரித்து அதன்மேல் வைத்தேன். உடல் சரி. இறக்கை சரி. வால் மட்டும் இரண்டு பக்கமும் பெருவிரல் அகலத்துக்கு வெளியே நின்றது.

காக்கா அதைப் பார்த்தபடியே கதிரையில் இருந்துவிட்டார். "யா அல்லாஹ். நான் நினைச்சுச் செய்யல்ல வாத்தியார். என்ட கை செஞ்சிரிக்கு. பறக்காத சாமானுக்கும் கை வாலப் பெருப்பிச்சிரிக்கு."

பறக்காத மரக்கட்டையும் அவர் கைக்குப் பறக்க வேண்டியதாகத்தான் இருந்திருக்கிறது. நம்மில் யார் செதுக்கியிருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். அது எனக்கு அப்போதே விளங்கியது. அதனால்தான் அவரைத் திட்டவும் முடியவில்லை.

நான் துரையிடம் போய்க் காட்டப் போகிறேன் என்றேன். பிரக்கிராசியார் கதவைச் சாத்தினார்.

"காட்டும், வேணாமெண்டு சொல்லல்ல. நீர் தப்புவீர். இவர் மறியலுக்குப் போய்க் கம்பி எண்ணுவார். யுத்த நேரத்தில எதிரிட பிளேனப் பிழையாச் செஞ்சு குடுத்தவனுக்குக் கை தவறினதெண்டு எந்தத் துரை நம்புவான்? சங்கமும் அதோட சரி."

சங்கம் எக்கேடு கெட்டும் போகட்டும் என்று கத்தினேன். ஆனால் காக்கா மறியலுக்குப் போவார் என்பது மெய். அவர் தன்னைக் காப்பாற்றும்படி கேட்கவில்லை. அடுத்த நாளே சைக்கிளை எடுத்துக்கொண்டு, கறுப்பு மை பூச வந்தேன் என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு பரணாக ஏறி, எல்லா வாலையும் சீவி அளவாக்கிவிட்டு வந்தார். கடைசியில் என் வீட்டு வாசலில் நின்றார்.

"மிச்சமெல்லாம் சரியாக்கிட்டன். உங்கட பரணில இரிந்ததுதான் இப்ப சாட்சி. அத வச்சிரிக்கிறதும் துரைக்கிட்டக் குடுக்கிறதும் உங்கட விருப்பம். நான் எங்கயும் ஓட மாட்டன்."

என்ன மனிசன் இவர் என்று எரிச்சலாக வந்தது. கெஞ்சியிருந்தால் துரையிடம் போயிருப்பேனோ என்னவோ. உள்ளே போய்க் கத்தியை எடுத்துவந்து, அவர் கண் முன்னாலேயே வாலைச் சீவினேன்.

பள்ளிக்கூடத்து மனேஜர் என்னை வெல்லாவெளிக்கு மாற்றினார். தோணியில் வாவியைத் தாண்டி, வயல்வெளிக்கு நடுவில் ஒரு ஓலைப் பள்ளிக்கூடம். தண்டனை என்று ஒருவரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. சங்கத் தாள் அங்கேயும் தேடி வந்தது. மட்டக்களப்புக் கிளையின் மாதிரிகள் அளவு பிசகாதவை என்று பாராட்டியிருந்தார்கள். காவலர்கள் கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும் என்று கடைசி வரி. அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

யுத்தம் முடிந்து தடை நீங்கியதும் கிளை மறுபடி வாவிக்கரையில் கூடியது. நானும் போனேன். காக்கா ஒரு புது விமானம் கட்டியிருந்தார். முறுக்கி விட்டார். எழும்பி, மூக்கைக் குத்தி, தண்ணீரில் விழுந்தது. துடைத்து மறுபடி விட்டார். மறுபடி விழுந்தது. காக்காவுக்குக் கைராசி போய்விட்டது என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். நான் கிட்டப் போய்ப் பார்த்தேன். வால் அளவாக, அச்சுப்போல் சரியாக இருந்தது.

"என்ன காக்கா இது? பெருப்பிக்க மறந்திட்டீங்களா?"

"மறக்கல்ல. கை போகுதில்ல வாத்தியார்."

அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது வெடித்தது. "அப்ப என்ட பேர் போனது என்னத்துக்கு? நீங்க இப்பிடிக் குப்புற விழுத்திக்கிட்டு நிக்கிறதுக்கா? பெருப்பியுங்க!" கரையே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன்.

வலைகாரர் ஐந்தாறு பேர் தோணிகளுக்குப் பக்கத்தில் நின்றார்கள். என் மாமனும் நின்றார், வெட்டின பக்கத்துச் சட்டைக் கையை மடித்துக் குத்திக்கொண்டு. இப்போது மீனை ரகம் பிரித்துக் கொடுக்கிற வேலைதான் அவருக்கு. "நித்திர வாத்தியார் முழிச்சிட்டாரடாப்பா" என்று அவர்களில் ஒருவன் சொன்னான். மற்றவர்கள் சிரித்தார்கள்.

காக்கா நனைந்த விமானத்தைக் கையில் பிடித்தபடி அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். நான் தடுக்கக் கை நீட்டினேன், பிந்திவிட்டது.

"அவர் நித்திர கொள்ளல்ல. நான் செஞ்ச மாதிரியில வால் ஒரு பெருவிரல் அகலம் பெருசாப் போயிற்று. அதப் பார்த்துப் பழகினதாலதான் அவருக்குப் பிழைச்சது. குற்றம் என்டதான்."

இத்தனை வருஷம் நான் யாராவது சொல்லமாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "வாலாம்! கேட்டியளா, வால் பெருசாம்!" இந்தப் பைத்தியங்களைத் தவிர வேறு யாருக்குத்தான் அது விளங்கும்?

மாமன் மட்டும் சிரிக்கவில்லை. இடது கையால் அந்த விமானத்தை வாங்கி, வாலைத் தடவி, அதன் ஓரத்தில் பெருவிரலை வைத்துப் பார்த்தார்.

"இவ்வளவு அகலத்துக்காகவா மருமகன் என்ட கை போனது?" என்று கேட்டார்.

ஓம் என்றேன்.