ஜெயகரன் அண்ணனும் ஊளையிடும் ரூட்டரும்

ராபர்ட்சன்பேட்டையில் நிம்மதியாகக் குடியிருக்க ஆசைப்படுகிறவர்கள் ஜெயகரன் அண்ணனின் தச்சுப் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு பார்க்கலாம். நான் பார்த்தேன், அனுபவித்தேன். எனக்கு அப்போது சுரங்கத்தில் நைட் ஷிப்ட். காலையில் கேஜ் என்கிற கூண்டு லிப்டில் ஏறி மேலே வந்து, குளித்துச் சாப்பிட்டுத் தலையைச் சாய்க்கிற நேரம் பார்த்துத்தான் அண்ணன் ரூட்டரை ஓட்டுவார்.

ரூட்டர் என்பது பலகை ஓரத்தில் பூவேலை எடுக்கிற மின்சார மிஷின். சுரங்கம் சர்க்கார் கைக்கு மாறிய ஐம்பத்தாறில் கப்பலேறிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் தலைமுழுகிவிட்டுப் போனது. அதை அண்ணன் பெஞ்சுக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தியிருந்தார்; கத்தி மட்டும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். சுவிட்சைப் போட்டால் தெருவே பல்லைக் கடிக்கும். அண்ணன் மட்டும் புன்னகையோடு வேலை செய்வார். வாலிபம் முழுக்கப் பூமிக்கடியில் பாறைக்கு டிரில் போட்டவர். அந்த டிரில் அவர் காதையும் சேர்த்துத் துளைத்துவிட்டது. முக்காலி கேட்டு வந்தவருக்குத் தொட்டில் செய்து கொடுத்துவிட்டு, வீட்டில் விசேஷமா என்று விசாரிக்கிற அளவுக்குக் கேட்கும்.

ஒரு நாள் கையும் காலுமாக ஜாடை காட்டிச் சம்மதம் வாங்கி, மிஷினைக் கழற்றி, மோட்டார் ரிப்பேர் முனிரத்தினத்திடம் தூக்கிப் போனேன். அவர் பிரித்துப் பார்த்தார். பேரிங் தேய்ந்து லொடலொடவென்று ஆடியது. மோட்டாருக்குள் கரண்டைக் கடத்துகிற கார்பன் துண்டு நகமளவுக்குக் கரைந்திருந்தது. இதை ஓட்டின ஆள் இன்னும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார். ஓட்டினவர் சௌக்கியம், கேட்டவன்தான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்றேன். பெங்களூரிலிருந்து புது பேரிங்கும் கார்பனும் தருவித்துப் போட்டுக் கொடுத்தார்.

மறுபடி பெஞ்சில் பொருத்தினோம். அண்ணன் சுவிட்சைப் போட்டார். மெல்லிய ரீங்காரம். எனக்கு நின்றபடியே கொட்டாவி வந்தது.

அண்ணன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். முகம் சுருங்கியது. என்ன கோளாறோ என்று, சுற்றுகிற வேகத்தில் நிற்பதுபோலவே தெரிந்த கத்தியை விரலால் தொட்டுப் பார்க்கப் போனார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். ஒரு மரக்குச்சியை எடுத்துக் கத்தியில் வைத்துக் காட்டினேன். குச்சி துண்டாகித் தெறித்தது. அண்ணன் தன் விரலையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா வாசு, இந்தக் காதுல விழுந்த சத்தம் அது ஒண்ணுதான்," என்றார். "அதையும் எடுத்துட்டியே."

சுவிட்சோடு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு பல்பு மாட்டலாம் என்று ஜாடை காட்டினேன். பல்பைப் பார்ப்பதா, பலகையைப் பார்ப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்வி. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மறுநாள் நானே மிஷினை மறுபடி தூக்கிப் போனேன். நல்லவேளை, பழைய பேரிங்கை முனிரத்தினம் தூக்கி எறியவில்லை.

"சத்தத்த எடுக்கச் சொல்லி நெறைய பேரு வந்துகீறாங்க," என்றார். "போடச் சொல்லி வந்த மொத ஆளு நீங்கதான்."

அடுத்த நாள் நான் படுத்ததும் ரூட்டர் ஊளையிட ஆரம்பித்தது. தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு அண்ணனின் வம்சத்தையே திட்டினேன். நடுநடுவே சத்தம் நின்றது. நின்றபோதெல்லாம் எழுந்து போய், அவர் விரல் பத்தும் இருக்கிறதா என்று ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்தேன்.