கொழுந்தன் கடை ஃபேன்

ஸ்டுடியோவில் அவளை ‘மிளகா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கல்யாண வீடியோக்களை எடிட் செய்பவள். வேலை சுத்தம், வாய்தான் காரம். அவளுக்கு ஆகவே ஆகாத ஆள் கணவனின் தம்பி. கம்ப்யூட்டர் சாமான் கடை வைத்திருக்கிறான். “படம் பார்க்கறதுக்குச் சம்பளம் வாங்கற ஒரே ஆள் எங்க அண்ணிதான்” என்று, வீடு நிறைய உறவினர்கள் இருக்கும்போது ஒருநாள் சொல்லிச் சிரித்தான். அன்றிலிருந்து இருவரும் கீரியும் பாம்பும்.

வெயில் ஏற ஏற அவளுடைய கம்ப்யூட்டர் பாதி வேலையில் நின்றுபோனது. பெட்டிக்குள் ஹார்ட் டிஸ்க்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக்கொண்டு கொதித்தன. ஒன்று ஏற்கெனவே செத்து, ஒரு ஜோடியின் கல்யாணத்தையே விழுங்கிவிட்டது. முதலாளி பதறிப்போய், பெட்டியின் முகப்பில் சிடி டிரைவ் மாட்டும் இடத்தில் செருகுகிற ஃபேன் ஒன்றை வாங்கி வந்தார். வாங்கியது கொழுந்தன் கடையில்.

“நீயே மாட்டிப் பார்த்துச் சொல்லும்மா. நல்லா இருந்தா எல்லா மெஷினுக்கும் போட்டுடலாம்.”

‘வசமா மாட்டினான்’ என்று மனசுக்குள் கறுவிக்கொண்டாள்.

முதலில் ஃபேன் இல்லாமல் கனமான ஒரு வீடியோவை ஓடவிட்டு, சூடு எவ்வளவு என்று திரையில் பார்த்தாள். பிறகு ஃபேனை மாட்டி, அதே வீடியோ. சூடு இம்மியும் இறங்கவில்லை. காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி இரைச்சல்தான் மிச்சம். அவளுக்கு ஒரே கொண்டாட்டம்.

கழற்றிக் கொடுத்துவிடலாம் என்று மூடியைத் திறந்தவள் அப்படியே நின்றாள். அவசரத்தில் அவள் திணித்த கேபிள் கற்றை, ஃபேனுக்கும் டிஸ்க்குகளுக்கும் நடுவே சுவர் மாதிரி அடைத்துக்கொண்டிருந்தது. காற்று போக வழியே இல்லை.

யாரும் பார்க்கவில்லை. மூடிவிட்டால் போதும், கொழுந்தன் முகம் சுண்டிப்போகும். நினைக்கவே இனித்தது. ஆனால் இன்னொரு டிஸ்க் போனால் அழப்போவது யாரோ ஒரு கல்யாணப் பெண். பல்லைக் கடித்துக்கொண்டு கேபிளை ஒதுக்கிக் கட்டினாள். டிஸ்க்குகளின் சூடு மளமளவென்று இறங்கியது. பிராசஸர் மட்டும் பழையபடியே கொதித்தது.

முதலாளியிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். கொழுந்தனுக்கும் அவளே போன் செய்தாள்.

“டிஸ்க்குக்கு நல்லது. பிராசஸருக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. சத்தம் காதைக் குடையுது.”

“நல்லா இருக்குன்னு முழுசா ஒத்துக்க மனசு வரலையா அண்ணி?”

“ஃபேனைத்தான் ஒத்துக்கறேன். உன்னை இல்ல.”

அடுத்த வாரமே அவன் கடை வாசலில் ஒரு போர்டு தொங்கியது: ‘ஸ்டுடியோவில் சோதித்தது. முழுக் கம்ப்யூட்டரும் குளுகுளு.’ பார்த்த வேகத்தில் அவள் கடைக்குள் ஏறினாள். நாலைந்து வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள்.

“டிஸ்க் மட்டும்தான் குளிரும். சத்தமும் உண்டு. கேட்டுட்டு வாங்குங்க.”

“கடைக்கே வந்து மானத்தை வாங்கறீங்களா?”

“நான் சொன்னதுல பாதியை நீ முழுங்கிட்டே. மீதியைச் சொல்ல வந்தேன்.”

அவன் போர்டைப் பிடுங்கிக் கல்லாவுக்குப் பின்னால் எறிந்தான். “இனிமே உங்க முகத்துல முழிக்க மாட்டேன்.”

“நிம்மதி” என்று படியிறங்கினாள்.

அதன்பிறகு இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. “உங்களுக்கு நடுவுல நான்தான் வேகறேன்” என்று கணவன் புலம்புகிறான். ஸ்டுடியோவில் எல்லா மெஷினிலும் அந்த ஃபேன் ஓடுகிறது; அதற்குப் பிறகு ஒரு டிஸ்க்கும் சாகவில்லை. அவள் காதில் ஹெட்போனை இறுக்கி மாட்டிக்கொண்டு, கொழுந்தனைத் திட்டியபடியே எடிட் செய்கிறாள்.